இசைச்சித்திரம்

நான் பாட்டு கற்றுக்கொண்டது ஸ்ரீரங்கத்தில், ஒரு பாட்டு மாமியிடம். அவர் வீட்டுக் கூடத்தின் கிழக்குச் சுவரில் சங்கீத மும்மூர்த்திகளின் படம் ஒன்று சட்டமிட்டு மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாமி மூன்று நெற்றிகளுக்கும் நேராகக் கண்ணாடியின்மேல் சந்தனப் பொட்டு வைப்பார். பழைய பொட்டைத் துடைக்காமல் அதன்மேலேயே புதிது வைத்து வந்ததால், அவை மூன்றும் நாளடைவில் சிறு மேடுகளாகத் தடித்துவிட்டன. ஜண்டை வரிசையில் தாளம் தப்பும்போதெல்லாம் மாமியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் நிமிர்ந்து பார்க்கிற இடம் அந்தப் படம்தான். தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் வாழ்ந்த காலத்தில் அப்படியேதான் இருந்திருப்பார்கள் என்று நம்பியிருந்தேன். அதை ஒருவர் வரைந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த வயதில் எழவில்லை.

அதே கூடத்தில், படத்துக்கு எதிர்ச்சுவரில், அலமாரியின் மேல்தட்டில் வானொலிப் பெட்டி இருந்தது. காலை இசை நிகழ்ச்சி தொடங்கினால் மாமி பாடத்தை நிறுத்திவிட்டு எங்களைக் கேட்கச் சொல்வார். அப்படி ஒரு காலையில், எனக்குப் பெயர் தெரியாத ஒரு ராகத்தை, ஆரவாரம் சிறிதும் இல்லாத ஒரு முதிர்ந்த ஆண் குரல் பாடியது. அந்தக் குரலுக்கு உரியவரும், எதிர்ச்சுவரில் இருந்த படத்தை வரைந்தவரும் ஒருவரே என்பதை நான் அறிந்தபோது எனக்கு வயது இருபத்துமூன்று. ஆறேழு ஆண்டுகள் அந்த மனிதரின் இரு வேறு வேலைகளுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தும் அவர் பெயரைக் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அந்த வருத்தம்தான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது.

அந்த மனிதர் எஸ். ராஜம். அவர் 1919 பிப்ரவரி 10 அன்று பிறந்தார். 2010 ஜனவரி 29 அன்று, தொண்ணூற்றொன்று நிறைவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில் காலமானார். அவருடைய வாழ்க்கை மயிலாப்பூரோடு பின்னியது. தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர், சங்கீதப் பித்தர். தம்பி எஸ். பாலச்சந்தர் பிற்காலத்தில் வீணை என்றாலே நினைவுக்கு வரும் பெயராகவும், 1954-ல் வெளியான ‘அந்த நாள்’ படத்தின் இயக்குநராகவும் ஆனவர். 1934-ல் ‘சீதா கல்யாணம்’ என்ற திரைப்படத்தில் ராஜம் இராமனாக நடித்தார். தங்கை ஜெயலட்சுமி சீதை, தந்தை ஜனகர். சிறுவன் பாலச்சந்தரும் அதில் தோன்றினான். பாபநாசம் சிவன் திரையுலகில் அடியெடுத்து வைத்ததும் அந்தப் படத்தில்தான். ராஜத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சினிமாக் கதையிலேயே நின்றுவிடுகிறார்கள். அழகான இளைஞர், நல்ல குரல், அந்தக் காலத்தில் வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் அந்த வழியில் தொடர்ந்து போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் போன வழி, சென்னை அரசு ஓவியப் பள்ளிக்குப் போன வழி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு அப்போது தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பிற்காலத்தில் வடித்தவர் அவரே. கே.சி.எஸ். பணிக்கர் போன்றவர்கள் அங்கே பயின்ற காலமும் ஏறத்தாழ அதுவே. பின்னாளில் சென்னை ஓவிய இயக்கம் என்று பெயர் பெற்ற நவீனப் போக்கு அந்தச் சூழலிலிருந்துதான் முளைத்தது. ராஜம் அதே இடத்திலிருந்து புறப்பட்டு நேர் எதிர்த் திசையில் நடந்தார். அஜந்தாவும் சித்தன்னவாசலும் இலங்கையின் சிகிரியாவும் அவருடைய ஆசான்கள் ஆயின. நீண்டு பாதி மூடிய கண்கள், மொட்டுப் போலக் குவிந்து மலரும் விரல்கள், மண்ணிலிருந்தே எடுத்தாற்போன்ற அடங்கிய நிறங்கள், எங்கும் முறியாமல் ஓடும் கோடு ஆகியவை அங்கிருந்து அவர் கைக்கு வந்தவை. இதைப் பழைமைப் பற்று என்று ஒரு சொல்லில் ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. தீட்சிதர் கீர்த்தனை ஒன்றைப் பாடாந்தரம், அதாவது குருவழியில் வந்த பாடம், மாறாமல் கற்றுக்கொள்கிறவர் எந்த மனநிலையில் கற்கிறாரோ, அதே மனநிலையில் அவர் அஜந்தாவின் கோட்டைக் கற்றார் என்றே நினைக்கிறேன்.

தீட்சிதர் பாடாந்தரத்தை அவர் கற்றது அம்பி தீட்சிதரிடம். தீட்சிதர் கீர்த்தனைகளை ஸ்வரக்குறிப்போடு தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904-ல் எட்டயபுரத்தில் அச்சேற்றிய சுப்பராம தீட்சிதரின் மகன் அவர். மறுபுறம், மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை நடத்திக்கொண்டிருந்த பாபநாசம் சிவனிடம் தமிழ்க் கீர்த்தனைகளைக் கற்றார். ஒருவர் வாயிலாக ஏட்டுச் சம்பிரதாயம், இன்னொருவர் வாயிலாக வீதியில் பொங்கும் பக்தி. இந்த இரண்டும் ஒரே மாணவரிடம் சேர்ந்தது கர்நாடக இசைக்குக் கிடைத்த கொடை.

இனி வானொலி. இதைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் ராஜத்தைப் பற்றிய குறிப்புகளில் மிகச் சுருக்கமாகச் சொல்லப்படுவது இந்தப் பகுதிதான்: ‘அகில இந்திய வானொலியில் பணியாற்றினார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அந்த ஒரு வரியில் அடங்கிப்போகிறது.

சென்னையில் ஒலிபரப்பு என்பது 1924-ல் ஒரு வானொலிக் கழகமாகத் தொடங்கியது. பிறகு சில ஆண்டுகள் மாநகராட்சி அதை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. ராஜம் 1940-களில் அங்கே இசைப் பிரிவில் சேர்ந்தார். அது கச்சேரி செய்துவிட்டுப் போகிற வேலை அன்று. ஒரு நிலையத்தின் இசைப் பிரிவில் இருப்பவர், எழுதப்பட்ட பாடல்களுக்கு மெட்டு அமைக்க வேண்டும். நிலைய வித்வான்களை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். சேர்ந்திசைக் குழுவுக்கு ஸ்வரப்படுத்திக் கொடுக்க வேண்டும். புதிதாகக் கிடைத்த பழைய கீர்த்தனை ஒன்றை யார் பாடினால் சரியாக வரும் என்று முடிவு செய்ய வேண்டும். வித்வான் வராத நாளில் தானே மைக்கின் முன் உட்கார வேண்டும். அந்தக் காலத்து வானொலி சுருதி விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பதற்கு ஒன்று சொல்லலாம்: கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தின் அசைவுக்கு, வளைந்து கொடுக்காத வாத்தியம் என்று ஹார்மோனியத்தை 1940 முதல் 1971 வரை உள்ளேயே விடவில்லை. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஸ்வரத்தின் இடம் என்பது அங்கே அலுவலக விதியாகவே இருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வானொலியின் காலக்கெடு எப்படிப்பட்டது என்பதை நான் என் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். குரல் தேர்வில் ‘பி’ கிரேடு பெற்றுவிட்டு ஒரு நிலையத்துக்கு என் முதல் நிகழ்ச்சிக்காகப் போயிருந்தேன். அறை முழுவதும் துளைகள் இட்ட பலகைகள். சுவரில் வினாடி முள் நிற்காமல் ஓடுகிற பெரிய கடிகாரம். சிவப்பு விளக்கு எரிந்தவுடன் என் மூச்சே எனக்கு உரக்கக் கேட்டது. காம்போதி ஆலாபனையில் நான் நான்கு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். விளைவு, கடைசியாக வைத்திருந்த திருப்புகழைப் பாதியில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டி நிறுத்தினார்கள். வெளியே வந்ததும், பணியிலிருந்த மூத்த அலுவலர் ஒருவர் கோபமில்லாமல் சொன்னார்: “அம்மா, அரை மணி நேரம்னா இருபத்தொன்பது நிமிஷம். அதுக்குள்ள ராகம் தெரியணும்னா முதல் பிடியிலேயே தெரியணும்.” அன்று அழுதுகொண்டே பேருந்து ஏறினேன். ஆனால் ஒரு ராகத்தின் முகத்தை முதல் பிடியிலேயே காட்டுவது என்றால் என்ன என்று அதன் பிறகு பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். ஓவியரும் அதைத்தானே செய்கிறார்? தாளில் முதலில் விழும் கோட்டிலேயே இன்ன உருவம் என்று தெரிய வேண்டும். பிறகு சேர்ப்பதெல்லாம் அந்தக் கோட்டுக்கு உடன்பட்டு வர வேண்டும்.

இன்னொன்றும் அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது. வானொலியில் பாடுகிறவருக்கு முகம் கிடையாது. சபாவில் பாடும்போது முன்வரிசையில் ஒருவர் தலையசைப்பதும், ஒருவர் கடிகாரம் பார்ப்பதும், இன்னொருவர் புருவத்தைச் சுருக்குவதும் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அறியாத ராகம் என்றால் அந்தப் புருவச் சுருக்கத்தைக் கண்டு நாம் கல்யாணிக்கோ சங்கராபரணத்துக்கோ தாவிவிடுவோம். ஒலிப்பதிவு அறையில் புருவங்கள் இல்லை. பாடகர், தம்புரா, பக்கவாத்தியம், சுவர், அவ்வளவுதான். மேலும், சபாக்களில் பாடகர் என்ன ராகம் பாடுகிறார் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வானொலியிலோ ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் பாடலும் ராகமும் தாளமும் இயற்றியவர் பெயரும் அறிவிக்கப்படும். கேட்பவர் ராகத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய பதற்றமின்றி, பெயரைத் தெரிந்துகொண்டு, அது எப்படி ஒலிக்கிறது என்பதை மட்டும் கேட்க முடியும். அபூர்வ ராகங்கள் பலவற்றின் பெயரையே எங்கள் ஊர் வீடுகளுக்குள் கொண்டுவந்தது அறிவிப்பாளரின் அந்த ஒரு வாக்கியம்தான்.

ராஜத்தின் பெயரோடு பிரிக்க முடியாமல் சேர்ந்துவிட்ட விவாதி ராகங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இதுவும் கூடவே நினைவுக்கு வருகிறது. மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் 40, அடுத்தடுத்த ஸ்வரங்கள் நெருங்கி மோதுகிற விவாதி மேளங்கள். கணக்கு எளிது. 72 மேளங்களையும் ஆறாறாகப் பிரித்தால் பன்னிரண்டு சக்கரங்கள். ரிஷபமும் காந்தாரமும் நெருங்கி மோதுகிற சக்கரங்கள் நான்கு: முதலாவது, ஆறாவது, ஏழாவது, பன்னிரண்டாவது. சக்கரத்துக்கு ஆறு வீதம் அவை 24. மீதி எட்டுச் சக்கரங்களில், தைவதமும் நிஷாதமும் மோதுகிற முதல் மேளமும் கடைசி மேளமும் மட்டும், அவை 16. ஆக, மேள அமைப்பில் பாதிக்கும் மேற்பட்ட ராகங்களை ‘தோஷம்’ என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தோம். பாட்டு மாமியிடம் ஒருமுறை நாட்டையின் மேளமான சலநாட்டையைப் பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் நமக்கு வேண்டாம்மா, பாடினா வீட்டுக்கு ஆகாதும்பா” என்றார். அவர் கல்லாதவர் அல்லர், அன்பானவர், தான் கேட்டு வளர்ந்ததை என்னிடம் ஒப்படைத்தார்.

கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் முருகன்மீது தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். அவையே ‘கந்த கானாமுதம்’. கவி குஞ்சர பாரதியின் பேரனான அவர், ‘கவி குஞ்சர தாசன்’ என்று முத்திரை வைத்தவர். தமிழில் 72 மேளங்களுக்கும் இப்படி முழுமையாக உருப்படிகள் செய்தவர்களில் அவரே முன்னோடி. ஏட்டில் இருந்த அவற்றைத் தாமே பாடியும் பிறருக்குக் கற்பித்தும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெரும் பங்கு ராஜத்துக்கு உரியது. இதில் நான் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. அம்பி தீட்சிதர் வழியில் வந்தவருக்கு மேளங்களின் பெயரும் அமைப்பும் வேறு. அங்கே ஏழு ஸ்வரமும் இரு வழியிலும் ஒழுங்காக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, விவாதி ஸ்வரங்கள் வளைந்தும் விலகியும் தப்பித்துக்கொள்ள இடம் உண்டு. 72-ஆவது மேளத்துக்கு அந்த வழியில் ரசமஞ்சரி என்று பெயர். கோடீஸ்வர ஐயரின் வழியோ கனகாங்கி முதல் ரசிகப்ரியா வரையிலான சம்பூர்ண வழி. ஏழு ஸ்வரங்களையும் வரிசையாகச் சந்தித்தே ஆக வேண்டும். இரண்டு வழிகளையும் உள்ளிருந்து அறிந்த ஒருவர், கடினமான இந்த இரண்டாவது வழிக்குத் தம் குரலைக் கொடுத்தார்.

ரசிகப்ரியாவை நான் ஒலிப்பதிவிலிருந்துதான் பயின்றேன். வரைபடம் போட்டுப் பார்த்தால் அந்த ராகத்தின் துன்பம் விளங்கும். ஸட்ஜத்திலிருந்து புறப்பட்டால் சுத்த ரிஷபம், சதுஸ்ருதி ரிஷபம் ஆகிய இரண்டு இடங்களையும் தாண்டி ஷட்ஸ்ருதி ரிஷபத்தில் கால் வைக்க வேண்டும். வைத்த மறுகணமே அதை ஒட்டினாற்போல் அந்தர காந்தாரம். பிறகு பிரதி மத்யமமும் பஞ்சமமும் ஒட்டி நிற்கும். பஞ்சமத்திலிருந்து மறுபடியும் இரண்டு இடம் தாண்டினால் ஷட்ஸ்ருதி தைவதம், அதை ஒட்டிக் காகலி நிஷாதம், அதையும் ஒட்டி மேல் ஸட்ஜம். அகன்ற பள்ளம் ஒன்று, அடுத்து விரல் நுழையாத இடுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும் பாதை இது. எனக்கு முதலில் அந்த ரிஷபம் நிற்கவே இல்லை; அது தன்னைச் சாதாரண காந்தாரம் என்றே நினைத்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிடும், ஆடினால் ராகம் போய்விடும். பல வாரங்களுக்குப் பிறகு, காந்தாரத்தை முதலில் மனத்துக்குள் கேட்டுவிட்டு, அதன் நிழலில் ரிஷபத்தை அசையாமல் வைத்தபோதுதான் அது ரிஷபமாகவே ஒலித்தது. ராஜத்தின் பதிவுகளில் என் காதுக்குப் படுவதும் அதுவே: விவாதி ஸ்வரத்தை அவர் அவசரமாகக் கடந்து ஓடுவதில்லை, மோதலை மறைக்க அலங்காரம் பூசுவதும் இல்லை, அந்த ஸ்வரத்துக்கு உரிய இடத்தில் அதை உட்கார வைக்கிறார். ‘அருள் செய்ய வேண்டும்’ என்று தொடங்கும் ரசிகப்ரியா கீர்த்தனை இன்று சபாக்களில் தயக்கமின்றிப் பாடப்படுகிறது. அந்தத் தயக்கம் நீங்கியதில் அவருடைய நெடுநாள் உழைப்புக்குப் பங்கு உண்டு.

வானொலிக்காரர்களிடம் ஒரு சொல் உண்டு: இசைச்சித்திரம். ஒரு கதையையோ தலத்தையோ அருளாளர் ஒருவரின் வாழ்வையோ, உரையும் பாடலும் பின்னணி ஒலியும் கோத்து, அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்குத் தயாரிக்கிற நிகழ்ச்சி. அதைத் தயாரிப்பவர் காட்சி காட்சியாக நினைக்க வேண்டும், ஆனால் ஒரு காட்சியையும் காட்ட முடியாது. கோபுரமும் குளக்கரையும் மழையும் கேட்பவரின் நெஞ்சில் தாமே எழ வேண்டும். பிற நாட்களில் சாதாரணமாகப் புழங்கும் இந்தச் சொல், ராஜத்தைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முழுப் பொருளோடு ஒலிக்கிறது. பகலில் காணாத உருவங்களுக்கு ஒலி கொடுக்கும் வேலை. வீட்டில் கேட்ட ஒலிகளுக்கு உருவம் கொடுக்கும் வேலை.

ஏழு ஸ்வரங்களை அவர் தெய்வ உருவங்களாக வரைந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஸ்வரங்களுக்கு நிறமும் தெய்வமும் ரிஷியும் பிறந்த தீவும் நம் இலக்கண நூல்கள் சொல்கின்றன. சங்கீத ரத்னாகரத்தின்படி ஸட்ஜம் தாமரையின் செம்மை, காந்தாரம் பொன்னிறம், மத்யமம் குந்தமலரின் வெண்மை, பஞ்சமம் கருமை, தைவதம் மஞ்சள், நிஷாதம் பல நிறம் கலந்தது. ஸட்ஜத்துக்கு மயில், ரிஷபத்துக்குக் காளை, பஞ்சமத்துக்குக் குயில், நிஷாதத்துக்கு யானை என்று உயிரினங்களின் குரலும் உண்டு. இவற்றைப் பாட்டு மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ராஜம் அந்த லட்சணங்களை எடுத்துக்கொண்டு, ஓர் உருவம் கண்முன் நிற்பதற்கு அவை போதும் என்று காட்டினார். பஞ்சமம் கருமை என்ற ஒற்றை வரியை வாசித்துவிட்டு, அசைவே இல்லாத அந்த ஸ்வரத்தை நெடுநேரம் பாடிப் பார்த்த நாளில், ஆழமான நிறம் ஒன்று அதற்குப் பொருந்துவதை நானும் உணர்ந்தேன். ஸ்வரத்தை வாயால் அறிந்த ஒருவர் அதை வரைவதற்கும், நூலில் படித்த ஒருவர் வரைவதற்கும் வேறுபாடு உண்டு.

நவக்கிரகக் கீர்த்தனைகளும் அவர் தூரிகைக்கு இயல்பாகவே உவந்தவை. தீட்சிதரின் சாகித்தியமே பாதி ஓவியம். ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழு கிரகங்களுக்கும் துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு தாளங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு தெய்வத்தின் குணத்தையும் சிறப்பையும் தியான சுலோகம் போல அடுக்கியிருக்கிறார். சௌராஷ்டிரத்தில் அமைந்த சூரியன் கீர்த்தனையைப் பாடுகிறவர், ஏழு குதிரை பூட்டிய தேரைக் கடந்துதான் போக வேண்டும். அந்தக் கீர்த்தனைகளைக் குடும்ப வழியில் வந்தவரிடமிருந்தே பாடம் கேட்ட ஒருவருக்குத் தேரும் குதிரையும் அடைமொழிகளாக மட்டும் தங்கியிருக்க முடியாது.

பிறகு, அந்த மூன்று முகங்கள். சியாமா சாஸ்திரிகள் 1827-லும், தீட்சிதர் 1835-லும், தியாகராஜர் 1847-லும் மறைந்தார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான்; காவிரிக் கரையில் உஞ்சவிருத்தி எடுத்துக்கொண்டிருந்த தியாகராஜரை அது எட்டவில்லை. ஆகவே, இன்று நம் வீடுகளிலும் பாட்டு வகுப்புகளிலும் மேடைகளிலும் நாம் கைகூப்பும் அந்த முகங்கள் பெரும்பாலும் ராஜம் தந்தவை, அல்லது அவர் தந்ததைப் பார்த்துப் பிறர் வரைந்தவை. இதைவிடப் பெரிய பொறுப்பு ஓர் ஓவியருக்கு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. முகமே தேவைப்படாத ஊடகத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர், முகம் கிடைக்காத மூவருக்கு முகம் கொடுத்தார். அவர்களுடைய கீர்த்தனைகளைப் பாடிப் பாடி, இந்தச் சங்கதியை எழுப்பியவரின் கண் எப்படி இருந்திருக்கும், இந்தச் சௌக்க காலத்தை நினைத்தவரின் தோள் எப்படித் தாழ்ந்திருக்கும் என்று உள்ளே தேடியவருக்குத்தான் அந்த முகங்கள் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அவர் பாடகரா, ஓவியரா என்ற கேள்வியை இசை ரசிகர்களும் ஓவிய ரசிகர்களும் தனித்தனியே எழுப்பியிருக்கிறார்கள். இசையுலகில் அவருக்குச் சங்கீத நாடக அகாடமியின் விருது கிடைத்தது. ஆனாலும் மேடைப் புகழ் பெற்ற பெயர்களின் வரிசையில் அவரை வைத்துப் பேசுபவர்கள் குறைவு. ஓவிய உலகிலோ, நவீனத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் நாட்காட்டிகளிலும் பூஜை அறைகளிலும் புழங்கும் படங்களை ஒருபடி தாழ்வாகவே பார்த்தார்கள். இரண்டும் எனக்கு வருத்தம் தருகின்றன. நம் மரபு இந்தப் பிரிவினையை இவ்வளவு கறாராகப் போற்றியதில்லை. நாடக மகளிர் கற்றுத் துறைபோக வேண்டியவற்றுள் ஓவியச் செந்நூலையும் சேர்த்துச் சொல்கிறது மணிமேகலை. மகேந்திரவர்மனுக்குச் சித்திரகாரப்புலி என்றும் ஒரு பட்டம், இசையோடு தொடர்புபடுத்தப்படும் சங்கீர்ணஜாதி என்றும் ஒரு பட்டம். புதுக்கோட்டைப் பக்கம் போனால், சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக்குளத்தைப் பார்த்துவிட்டு, சிறிது நேரப் பயணத்தில் குடுமியான்மலைப் பாறையில் வெட்டியிருக்கும் ஸ்வர வரிசைகளின் கல்வெட்டைப் பார்த்துவிடலாம். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துத் திரும்பியபோது, ஒன்று கண்ணுக்கு, இன்னொன்று காதுக்கு என்று பிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

பாட்டு, ஓவியம், வானொலி என மூன்று துறை என்பதால் மூன்றிலும் கால்வாசிதான் இருந்திருப்பார் என்று எண்ணுகிறவர்களுக்கு நான் அவருடைய ரசிகப்ரியாவையும் ஸ்வர ஓவியங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டவே விரும்புவேன். இலக்கணத்தில் மட்டும் இருந்த ராகத்தை ஒலியாக்கியதும், இலக்கணத்தில் மட்டும் இருந்த உருவத்தை வண்ணமாக்கியதும் ஒரே வேலை. ஏட்டில் சொன்னதற்கு மேல் ஒன்றும் கூட்டாமல், சொன்னதில் ஒன்றையும் விடாமல், ஆனால் பார்த்தவரும் கேட்டவரும் இது உயிருள்ளது என்று உணரும்படி செய்வது. அந்த அடக்கத்தை அவருக்குக் கற்பித்ததில் அரை மணி நேரக் கடிகாரத்துக்கும் சிவப்பு விளக்குக்கும் பங்கு இருந்திருக்கும் என்று, அவற்றின் முன்னால் தவறிய அனுபவம் உள்ள நான் நினைக்கிறேன்.

பாட்டு மாமி காலமான பிறகு, அவருடைய பிள்ளைகள் தம்புராவை ஒரு மாணவிக்கும் படத்தை எனக்கும் கொடுத்தார்கள். சட்டம் கறையான் அரித்திருந்ததால் மாற்றுவதற்காகக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர், “அக்கா, இதே படம் பளிச்சுன்னு புது பிரின்ட் இருக்கு, அதையே போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம், இதுவேதான் வேண்டும் என்றேன். அவர் ஆணிகளை நெம்பிப் பழைய கண்ணாடியை மெல்லத் தூக்கியபோது, மூன்று சந்தன மேடுகளும் கண்ணாடியோடு போய்விட்டன. அவற்றுக்கு அடியில் வெளிச்சம் படாமலேயே இருந்த மூன்று சிறு வட்டங்கள் மட்டும், தாளின் மற்ற இடங்கள் பழுப்பேறியிருக்க, அச்சிட்ட நாளின் நிறத்தோடு தெரிந்தன. இத்தனை ஆண்டுகள் பார்த்தும் நான் பார்த்திராத நெற்றிகள். ஓவியரின் கோடு புருவத்திலிருந்து எழுந்து நெற்றிக்குள் எப்படிக் கரைகிறது என்பதைக் கடை வாசலில் நின்றபடியே வெகுநேரம் பார்த்தேன்.

படம் இப்போது என் வீட்டில், நான் சாதகம் செய்யும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. காலையில் சுருதிப் பெட்டியை வைத்துவிட்டு, அந்தப் பிடிவாதமான ரிஷபத்தைக் காந்தாரத்தின் நிழலில் வைத்துப் பார்க்கும்போது கண் அங்கேதான் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் நிற்பேன். புதுக் கண்ணாடியில் இன்னும் பொட்டு வைக்கவில்லை.